கட்டினால் நிற்கணும், இழுத்தால் அவிழணும்: முடிச்சு போடக் கற்பவர்களுக்கு

கயிறு கட்டத் தெரியாதவர் யாரும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு முடிச்சு போடுவது, அது போதாது என்று தோன்றினால் அதன் மேலேயே இன்னொன்று, பயமாக இருந்தால் மூன்றாவது. இப்படிப் போட்ட கட்டு இரண்டு விதமாகத்தான் முடியும். ஒன்று, பாதி வழியில் நெகிழ்ந்து விழும். இல்லையென்றால் கல் மாதிரி இறுகிப் போய், கடைசியில் கத்தியை எடுத்து நல்ல கயிற்றை அறுக்க வேண்டியதாகிவிடும்.

பாரத்தைத் தாங்குவது முடிச்சுகளின் எண்ணிக்கை இல்லை, கயிறு எதன் மேல் எத்தனை தடவை சுற்றி உரசிக்கொண்டு நிற்கிறது என்பதுதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம்.

கணக்காகவே சொல்கிறேன். வழவழப்பான ஒரு கம்பத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கும்போது, உராய்வு கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கின்றன என்று காட்டும் எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு நீங்கள் பிடித்திருக்கும் விசையைப் போல் ஆறரை மடங்கு எதிர்ப்பக்கம் தாங்கும். இரண்டு சுற்று என்றால் 13 மடங்கு என்று நினைக்காதீர்கள், சுமார் 43 மடங்கு. மூன்று சுற்றில் 280-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பெருக்கிக்கொண்டே போகிறது, கூட்டிக்கொண்டு போவதில்லை. பெரிய கப்பலின் வடத்தைக் கரையில் இருக்கும் குட்டைத் தூணில் சில சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்து நிற்க முடிவது இதனால்தான். அதாவது சுற்று வேலை செய்கிறது, முடிச்சு அந்தச் சுற்று கழன்று போகாமல் காவல் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கயிறு

பழகுவதற்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் கனத்தில், இரண்டு மீட்டர் நீளமுள்ள மென்மையான பருத்திக் கயிறோ பாலியெஸ்டர் கயிறோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறு நிறத்தில் இன்னொன்றும். விறைப்பான பிளாஸ்டிக் கயிற்றில் பழகாதீர்கள், அது போட்ட வடிவத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும், தப்பு உங்களுடையதா கயிற்றுடையதா என்றே தெரியாது. மெல்லிய நூலிலும் வேண்டாம், உள்ளே எது எதன் மேல் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கூடவே ஒரு நாற்காலிக் கால் இருந்தால் போதும்.

காணொளி பார்த்துக் கற்கிறவர்களுக்கு

முடிச்சு காட்டும் காணொளிகளில் நிறைய ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதில் 'டை' என்ற ஒரே சொல் ஒட்டு மாற்றி ஒட்டு மாற்றி வந்துகொண்டே இருக்கும். வெறும் 'டை' என்றால் கட்டு, சரி. 'டை டவுன்' என்றால் சாமானை வண்டியோடோ பலகையோடோ அசையாமல் அழுத்திக் கட்டுவது. 'டை ஆஃப்' என்றால், ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றின் நுனியை ஓரிடத்தில் கட்டி முடிப்பது. 'டை இன்' என்பது பாறையேறுகிறவர் கயிற்றைத் தன் இடுப்புப் பட்டையோடு இணைத்துக்கொள்வது. 'அன்டை' என்றால் அவிழ்ப்பது.

முடிச்சுகளின் பெயரிலேயே வேலையும் இருக்கும். பெயர் 'ஹிச்' என்று முடிந்தால் கம்பம், வளையம், தூண் மாதிரி ஏதாவது ஒன்றில் கயிற்றைக் கட்டுவது. 'பெண்ட்' என்றால் கயிற்றோடு கயிற்றை இணைப்பது. 'லூப்' என்றால் கண்ணி. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்தால்தான் வம்பு வருகிறது, அதைக் கீழே பார்க்கலாம்.

இன்னும் மூன்று பெயர் வேண்டும். கையில் பிடித்து வேலை செய்கிற முனையை நுனி என்று சொல்கிறேன், ஆங்கிலத்தில் வொர்க்கிங் எண்ட். பாரம் இழுக்கும் பக்கத்துக் கயிறு ஸ்டாண்டிங் பார்ட், அதை இங்கே பாரக்கயிறு என்று வைத்துக்கொள்வோம். கயிறு தன்னைத் தானே குறுக்கே கடக்காமல் வெறுமனே ஊசிமுனை மாதிரி மடிந்திருந்தால் அது மடிப்பு. ஆங்கிலத்தில் பைட் என்பார்கள், கடிக்கிற பைட்டும் காதுக்கு அப்படியேதான் கேட்கும், குழம்ப வேண்டாம். கடந்துவிட்டால் அது வளையம்.

முதல் முடிச்சு: இரண்டு சுற்று, இரண்டு அரைக்கட்டு

ஒன்றே ஒன்றுதான் கற்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆங்கிலத்தில் ரவுண்ட் டர்ன் அண்ட் டூ ஹாஃப் ஹிச்சஸ். கம்பத்தில், மரத்தில், கொக்கியில், வளையத்தில் என்று எதில் வேண்டுமானாலும் கட்டலாம். இன்னொரு பெரிய வசதி, பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கட்டவும் அவிழ்க்கவும் முடியும்.

நுனியைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். அங்கேயே நிறுத்தாமல் இன்னொரு முழுச் சுற்றும் சுற்றுங்கள், கம்பத்தின் மேல் இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. இப்போது முடிச்சு எதுவும் போடாமல் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு, பாரக்கயிற்றை வேறொருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். விரல் தாங்கும். மேலே சொன்ன கணக்கு கையில் தெரிவது இங்கேதான்.

அப்புறம் நுனியைப் பாரக்கயிற்றின் மேலாகக் கொண்டுபோய், அதைச் சுற்றி அடியில் வாங்கி, நுனிக்கும் கம்பத்துக்கும் நடுவில் உண்டான இடைவெளி வழியாக வெளியே இழுங்கள். இது ஓர் அரைக்கட்டு. இதையே மறுபடி ஒருமுறை, முதல் தடவை எந்தத் திசையில் சுற்றினீர்களோ அதே திசையில், கம்பத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டு இரண்டையும் கம்பத்தை நோக்கித் தள்ளி இறுக்குங்கள்.

சரிபார்ப்பது சுலபம். பாரக்கயிற்றின் மேல் இரண்டு வளையமும் ஒரே திசையில் ஏறி, நடுவில் குறுக்கே ஒரு சாய்கோடு தெரிந்தால் சரி. இரண்டு வளையமும் ஒன்றையொன்று முகம் பார்த்துக்கொண்டு, நடுவில் குறுக்குப் பட்டை மாதிரி நின்றால் இரண்டாவதைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள். அதுவும் பிடிக்கும், ஆனால் இதைவிடச் சீக்கிரம் வழுக்கும்.

கயிறு வழுவழுப்பாக இருந்தால் பலர் அரைக்கட்டுகளை நான்கு ஐந்து என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். வேண்டாம். கம்பத்தில் ஒரு சுற்றைக் கூட்டுங்கள், இரண்டு அரைக்கட்டே போதும்.

ரீஃப் நாட்டும் அதன் போலியும்

ஒரு பொருளைச் சுற்றி வந்த கயிற்றின் இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று கட்டுவதற்கு ரீஃப் நாட். பொட்டலம், கட்டுத்துணி, காகிதக் கட்டு, காலணி நாடா எல்லாம் இதன் பிள்ளைகள்.

இடது கையில் இருக்கும் நுனியை வலது நுனியின் மேலே போட்டு, அடியில் நுழைத்து, மேலே கொண்டுவாருங்கள். இப்போது அந்த நுனி வலது பக்கம் வந்துவிட்டது. அதே நுனியையே மறுபடியும் மற்றதன் மேலே போட்டு, அடியில் நுழைத்து இழுங்கள். இரண்டு தடவையும் மேலே போவது ஒரே நுனி, இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சரியாக வந்தால் இரண்டு மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தட்டையாகப் படுத்திருக்கும், ஒவ்வொரு நுனியும் தன் பாரக்கயிற்றோடு ஒட்டியே வெளியே வரும்.

இரண்டாவது தடவை வேறு நுனியை மேலே போட்டுவிட்டால் கிடைப்பது கிரானி நாட் என்கிற போலி. நுனிகள் குறுக்கே எகிறிக்கொண்டு நிற்கும், முடிச்சு முறுக்கிக்கொண்டிருக்கும், சில நேரம் வழுக்கும், சில நேரம் அவிழவே மாட்டாது. எப்போது எதைச் செய்யும் என்று சொல்ல முடியாததுதான் அதன் குணம்.

இதை உங்கள் காலைக் குனிந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நாடா கட்டியபின் இரண்டு காதுகளும் காலணிக்குக் குறுக்காக, இடம் வலமாகப் படுத்திருந்தால் உங்களுடையது ரீஃப் நாட் வகை. காதுகள் திரும்பி ஒன்று விரல் பக்கமும் ஒன்று கணுக்கால் பக்கமும் பார்த்தால் நீங்கள் இத்தனை வருஷமாகக் கட்டுவது போலி. திருத்தப் புதிதாக எதையும் கற்க வேண்டாம். முதலில் போடும் அந்த ஒற்றைக் கட்டை மட்டும் எதிர்த்திசையில் போட்டுவிட்டு, காதுகளைப் பழையபடியே கட்டுங்கள். முதல் சில நாள் விரல் பிடிவாதம் பிடிக்கும், பிறகு பழகிவிடும்.

நாடா ஏன் தானாக அவிழ்கிறது என்று பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிலர் உட்கார்ந்து ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள், 2017-இல் கட்டுரையும் வந்தது. ஓடும்போது பாதம் தரையில் மோதும் வேகம் புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு அளவுக்கு முடிச்சை உலுக்குகிறது, அதில் முடிச்சு கொஞ்சம் நெகிழ்கிறது. அதே நேரம் கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டை மாதிரி வீசி நாடாவை வெளியே இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்ததும் சில நொடிக்குள் கட்டு போய்விடுகிறது. போலி முடிச்சு சரியானதைவிடச் சீக்கிரம் தோற்றது என்பதும் அந்தச் சோதனையிலேயே தெரிந்தது.

இப்போது எச்சரிக்கை. ரீஃப் நாட் நிற்பது, அது ஏதாவது ஒரு பொருளின் மேல் அழுந்திக் கிடக்கும் வரைதான். இரண்டு கயிற்றை நீளத்துக்காக இணைக்க இதைப் போடவே போடாதீர்கள். ஏன் என்று கையிலேயே பார்க்கலாம்: ஒரு ரீஃப் நாட் போட்டு, ஒரு பக்கத்து நுனியையும் அதன் பாரக்கயிற்றையும் மட்டும் பிடித்து எதிரெதிராகச் சுண்டுங்கள். அந்தக் கயிறு நேராக நிமிர்ந்துவிடும், மற்றது அதன் மேல் வெறும் வளையமாக மாட்டிக்கொண்டிருக்கும், தள்ளினால் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். அவிழ்ப்பதற்கு அருமையான வழி, பாரம் தொங்கும்போது இது நடந்தால் அவ்வளவுதான்.

இரண்டு கயிற்றை இணைக்க ஷீட் பெண்ட்

கனமான கயிற்றின் முனையை மடித்து இடது கையில் பிடியுங்கள். மெல்லிய கயிற்றின் நுனியை அந்த மடிப்புக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, மடிப்பின் இரண்டு கால்களுக்கும் பின்னால் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து, தன்னுடைய கயிற்றுக்கே அடியில் செருகுங்கள். மறுபடி மடிப்புக்குள் விடக்கூடாது, தன் கயிற்றுக்கும் மடிப்புக்கும் இடையில் சிக்க வேண்டும். நான்கு பக்கமும் மெதுவாக இழுத்து இறுக்குங்கள்.

இரண்டு நுனியும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், எதிர்ப்பக்கங்களில் இருந்தால் பிடிப்பு குறையும். கனத்தில் வித்தியாசம் அதிகம் என்றாலோ கயிறு வழுக்கினாலோ பின்னால் சுற்றுவதை இரண்டு தடவையாக்குங்கள். மறுபடியும் அதே கதைதான், ஒரு சுற்று கூடினால் போதும்.

போலைன்: இறுகாத கண்ணி

சுருக்கு தெரியும், இழுத்தால் குறுகிக்கொண்டே போகும். குறுகாத கண்ணி வேண்டுமென்றால் போலைன். படகு கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முடிச்சு. எவ்வளவு பாரம் ஏறினாலும் பிறகு கையால் அவிழ்க்க முடியும் என்பதுதான் அதன் பெருமை.

நுனியிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனிப்பக்கத்துக் கயிறு பாரக்கயிற்றுக்கு மேலே கடந்திருக்க வேண்டும், இதில் தவறினால் பின்னால் என்ன செய்தாலும் முடிச்சு நிற்காது. கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: சின்ன வளையம் முயல் வளை, பாரக்கயிறு மரம், நுனி முயல். முயல் வளையிலிருந்து மேலே வருகிறது, மரத்துக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, திரும்ப அதே வளைக்குள் இறங்குகிறது. குழந்தைத்தனமாக இருந்தாலும் இதைச் சொல்லிக்கொண்டே போட்டால் தப்பு வருவதில்லை.

இறுக்குவதற்கு, நுனியையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணியின் காலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கையில் பிடித்து, மறு கையால் பாரக்கயிற்றை இழுங்கள். நுனி கண்ணிக்கு உட்புறம் நிற்க வேண்டும். நுனியைக் கஞ்சத்தனமாக விடாதீர்கள், கயிற்றின் கனத்தைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்காவது வெளியே நீண்டிருக்கட்டும். 8 மில்லிமீட்டர் கயிறு என்றால் சுமார் 10 சென்டிமீட்டர்.

அவிழ்க்கும்போது பலர் நுனியைப் பிடித்து இழுத்து நகத்தை உடைத்துக்கொள்கிறார்கள். நுனியைத் தொடவே வேண்டாம். மரத்தைச் சுற்றிப் போன அந்த மடிப்பு முடிச்சின் முதுகில் ஒரு பட்டை மாதிரி தெரியும். கட்டைவிரலால் அதைப் பாரக்கயிற்றின் பக்கமாகப் பின்னோக்கி வளைத்துத் தள்ளுங்கள், உள்ளே பாரக்கயிறு நெகிழ்ந்துவிடும், பிறகு எல்லாம் தானாகக் கழன்று வரும்.

குறை இல்லாமல் இல்லை. பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் போலைன் மெல்ல நெகிழும். பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவிழ்க்கவும் முடியாது. அடிக்கடி பார்க்க முடியாத இடத்தில் கட்டினால், மீதி நுனியைக் கண்ணியின் காலில் சுற்றி ஓர் ஒற்றை முடிச்சு போட்டுவிடுங்கள்.

மீதி

எட்டு முடிச்சு: ஒரு வளையம் போட்டு, நுனியைப் பாரக்கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, வளையத்துக்குள் விட்டால் எட்டு வடிவம் வரும். ஓட்டையிலிருந்து கயிறு உருவிப் போகாமல் தடுக்க இது போதும், ஒற்றை முடிச்சு அளவுக்கு இறுகித் தொல்லை தராது. கயிற்றை இரட்டையாக மடித்து இதையே போட்டால் நடுக்கயிற்றில் ஒரு கண்ணி கிடைக்கும்.

அந்தக் கண்ணியை வைத்துத்தான் சாமானை வண்டியில் இழுத்துக் கட்டுவது. ஒரு பக்கம் இரண்டு சுற்றும் அரைக்கட்டும் போட்டுக் கயிற்றைச் சாமானின் மேலே கொண்டுவந்து, நடுவில் கண்ணி போட்டு, நுனியைக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டித் திருப்பி அந்தக் கண்ணிக்குள் விட்டுக் கீழ்நோக்கி இழுங்கள். ஏட்டுக் கணக்கில் இது மூன்று மடங்கு விசை. கயிறு கயிற்றோடு உரசுவதில் நல்ல பங்கு போய்விடும், மீதியே வெறுங்கையால் இழுப்பதைவிட எவ்வளவோ மேல். இழுத்த இடத்தை விரலால் கெட்டியாக நசுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு அரைக்கட்டு போட்டு முடியுங்கள். கடைசி அரைக்கட்டில் நுனியை முழுதாக உருவாமல் மடிப்பாக விட்டால், இறக்கும்போது ஒரே இழுப்பில் அவிழும். ஆனால் நெடுந்தூரம் போகும் சாமானுக்கு அந்த மடிப்பை அப்படியே விட வேண்டாம்.

க்ளோவ் ஹிச் என்று ஒன்றை எல்லாக் காணொளியிலும் முதல் பாடமாகக் காட்டுவார்கள். போடுவது வேகம், பார்க்க அழகு. வழவழப்பான கம்பத்திலும், சுழலும் கம்பத்திலும் நகர்ந்துகொண்டே போகும். வேலை தொடங்க உதவும், தனியாக நம்பி விட்டுவிட்டுப் போக உதவாது என்பது என் கருத்து.

கயிறும் பார்த்துக் கட்டணும்

ஒரே முடிச்சு எல்லாக் கயிற்றிலும் ஒரே மாதிரி நிற்காது. நைலான் நீளும், திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், நனைந்தால் வலு கொஞ்சம் குறையும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது, அதனால் இறுக்கிக் கட்டிய சாமான் இறுக்கமாகவே இருக்கும். பாலிப்ரொப்பிலீன் எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வழுக்கும், வெயிலில் கிடந்தால் மொரமொரத்துப் பொடியாகும். சணல், பருத்தி, நார்க் கயிறுகள் நன்றாகப் பிடிக்கும், நனைந்தால் உப்பி முடிச்சு இறுகிக்கொள்ளும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உளுத்துப்போகும்.

எந்தக் கயிறானாலும் முடிச்சு விழுந்த இடம்தான் பலவீனம். கயிறு அங்கே வளைந்து, வெளிப்புறத்துப் புரிகள் அதிகமாக இழுபடுகின்றன. சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று விழுந்தாலே வலு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நடுக்கயிற்றில் வேண்டாத முடிச்சு விழுந்திருந்தால் பாரம் ஏற்றும் முன் அவிழ்த்துவிடுங்கள். அதிகமாக இழுபட்ட நைலான் கயிறு அறுந்தால் திரும்பிப் பாயும் வேகம் ஆளையே அடித்துவிடும், இழுபடும் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள்.

ஆள் தொங்குவதற்கு, உயரத்தில் ஏறுவதற்கு, யாரையாவது தூக்குவதற்கு இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கட்ட வேண்டாம். அதற்கென்று சான்றளித்த கயிறு வேண்டும், போட்ட முடிச்சைப் பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

கயிற்றை வெட்டியதும் முனையைக் கவனியுங்கள், பிசிறு பிரிந்த நுனி எந்த வளையத்திலும் நுழையாது. நைலான், பாலியெஸ்டர் மாதிரியான செயற்கைக் கயிறு என்றால் முனையைத் தீயில் காட்டி இழைகளை உருக்கி ஒட்டலாம், சூடாக இருக்கும்போது விரலால் உருட்டிவிடாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி, சணலுக்குத் தீ உதவாது. முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மெல்லிய நூலை, கயிற்றின் கனத்தில் ஒன்றரை மடங்கு அகலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, ரீஃப் நாட் போட்டு வெட்டிவிடுங்கள்.